ரைசன் 5 3600-ஐ வைத்திருப்பவர் 5600-க்கு மாறலாமா?

தாம்பரம்_பாண்டி:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி இரண்டாக 16 ஜிபி ராம். பழைய கிராபிக்ஸ் கார்டை விற்றுவிட்டு ஆர்டிஎக்ஸ் 4060 போட்டிருக்கிறேன். மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். கார்டு மாறியும் கவுன்டர் ஸ்டிரைக் 2-இல் யாராவது புகைக்குண்டு வீசினால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) தடாலென்று விழுகிறது. சைபர்பங்கில் கூட்டமான தெருவுக்குள் வண்டி ஓட்டினாலும் அதே கதை.

ரிச்சி தெருவில் விசாரித்தேன். ஒரு கடையில் "இது பழைய செட் சார், போர்டோடு எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றார்கள். பக்கத்துக் கடையில் 5600 மட்டும் போட்டால் போதும் என்றார்கள். விவரப் பட்டியலைப் பார்த்தால் இரண்டுமே 6 கோர், 12 திரெட், 65 வாட், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). உச்ச வேகம் மட்டும் 4.2 கிகாஹெர்ட்ஸ் என்பது 4.4 ஆகிறது. இந்த 200 மெகாஹெர்ட்ஸுக்கா அவ்வளவு பணம்?

ஓரமா_போறவன்:

என் 3600 இன்னும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் பணம் கையில் நிற்கவில்லை என்றால் இந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

கேஷ்_மணி:

பாண்டி, பட்டியலில் இருப்பதெல்லாம் சரிதான். வித்தியாசம் இருக்கிற இடம் மட்டும் பட்டியலில் வராது.

3600 என்பது 2019 ஜூலையில் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 5600 கடைக்கு வந்தது 2022 ஏப்ரலில் என்றாலும், உள்ளே இருப்பது 2020 நவம்பரில் 5600எக்ஸ் கொண்டுவந்த அதே ஜென் 3. இரண்டையும் டிஎஸ்எம்சி 7 நானோமீட்டரில்தான் அடிக்கிறது. ஆக, இங்கே முன்னேற்றம் முழுக்க வடிவமைப்பில். ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓடினால் ஜென் 3 சராசரியாக 19 சதவீதம் கூடுதல் வேலை செய்யும் என்று ஏஎம்டி அப்போது சொன்னது. விளம்பரக் கணக்குதான், ஆனால் பெரிய பொய் இல்லை. சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையில் ஒற்றைக் கோர் மதிப்பெண் 3600-க்கு 1250 பக்கம் வரும், 5600-க்கு 1450-ஐத் தாண்டும். வெறும் 200 மெகாஹெர்ட்ஸால் இந்த இடைவெளி வராது.

விளையாட்டுக்கு இதைவிட முக்கியமானது கேஷ் பிரிக்கப்பட்ட விதம். ஜென் 2-இல் கோர்கள் நான்கு நான்காக இரண்டு கட்டுகள். ஒவ்வொரு கட்டுக்கும் தனியாக 16 எம்பி எல்3. 3600-இல் ஒரு கட்டுக்கு மூன்று கோர் மட்டும் உயிரோடு விட்டிருக்கிறார்கள். பாகம் பிரித்த வீடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு அண்ணன் தம்பிகள், நடுவில் சுவர், பக்கத்துக்கு ஒரு குதிர். இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தக் குதிரிலிருந்து நெல் வேண்டுமென்றால் தெருவைச் சுற்றித்தான் வர வேண்டும். ஜென் 3-இல் அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். ஆறு கோருக்கும் 32 எம்பி பொது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 3600-இல் இரண்டு கட்டுகளும் ஒரே சிலிக்கான் துண்டில்தான் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஆனாலும் ஒன்றுக்கொன்று பேச வேண்டுமானால் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற உள் இணைப்பு வழியாக, ராமோடும் மற்றதோடும் பேசும் தனித் துண்டான ஐஓ சிப்புக்குப் போய்த் திரும்ப வேண்டும். விளையாட்டு இன்ஜின்கள் அடிக்கடி ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்குச் சின்னச் சின்னத் தகவல்களைத் தள்ளும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாக இருந்தும் திடீரென்று திக்குகிறதே, அதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்புறம் ஒரு கேள்வி. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, ராம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லுங்கள். குச்சியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

கோவை_கிராபிக்ஸ்:

மணி சொல்வதில் தப்பில்லை, ஆனால் அவர் எப்போதும் கேஷ் கேஷ் என்று முடித்துவிடுவார். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரும் வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு 5600 வாங்கினால் ஒரு ரூபாய்க்கும் பயன் இருக்காது. கார்டு முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போது பிராசசர் எதுவாக இருந்தால் என்ன?

பாண்டி, வாங்கும் முன் ஒரு சோதனை. விளையாட்டில் உங்களுக்கு அடி வாங்கும் அதே இடத்துக்குப் போங்கள். ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் குற்றவாளி கார்டு. அசையாமல் அதே எண்ணில் நின்றால் பிராசசர்தான் பிடித்து வைத்திருக்கிறது. மொத்த சிபியு பயன்பாடு 50 சதவீதம்தான் காட்டுகிறது என்று யாராவது வாதாடினால் கண்டுகொள்ளாதீர்கள். 12 திரெட்டில் ஒன்று மட்டும் மூச்சு முட்டிக் கிடந்தாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் தெரியும்.

4060-இல் இன்னொரு கோளாறும் உண்டு. என்விடியாவின் டிரைவர் பிராசசர் மேல் கொஞ்சம் கூடுதல் சுமை ஏற்றும். ரே டிரேசிங் போட்டால் இன்னும் கூடும். நிறையப் பேர் அது கார்டின் வேலை மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாம்பரம்_பாண்டி:

இரண்டையும் பார்த்தேன். 720பி-க்கு இறக்கினாலும் புகைக்குள் அதே எஃப்பிஎஸ்தான், இம்மியும் ஏறவில்லை. ராம் 2400 என்று காட்டுகிறது. டப்பாவில் 3200 என்று இருந்தது. கடையில் பூட்டிக் கொடுத்த நாளிலிருந்து இப்படியேதான் ஓடியிருக்கும் போல.

கேஷ்_மணி:

நினைத்தேன். பயாஸில் (போர்டின் அடிப்படை நிரல்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை டப்பாவில் எழுதிய வேகத்தில் ஓடவிடும் அமைப்பு, போடாமலே கொடுத்துவிட்டார்கள். இது பாதி ஊரில் நடப்பதுதான்.

ஃபேப்ரிக்கின் வேகம் ராமோடு கட்டப்பட்டது. ராம் 3200 என்றால் ஃபேப்ரிக் 1600 மெகாஹெர்ட்ஸில் ஓடும், 3600 என்றால் 1800. உங்களுடையது 2400, அதனால் 1200. அதாவது அந்தக் கட்டிலிருந்து இந்தக் கட்டுக்கு வருகிற வழியும் மந்தம், ராமுக்குப் போகிற வழியும் மந்தம். ராமின் மந்தத்தை இரண்டு தலைமுறையும் உணரும். கட்டுகளுக்கு நடுவே ஓடும் தண்டனை மட்டும் 3600-க்கே உரியது. முதலில் எக்ஸ்எம்பியைப் போட்டு, சேமித்து, திரும்ப விளையாடிப் பாருங்கள். காசில்லாத வைத்தியம்.

தட்டச்சன்:

விளையாட்டு தவிர வேறு உலகமும் உண்டு என்று சொல்ல வந்தேன். எனக்கு வேலை நிரல் எழுதுவது, லினக்ஸில். அலுவலகத்தில் 5600, வீட்டில் 3600. பெரிய கம்பைல் போட்டால் 5600 முந்துகிறது, ஆனால் டீ குடிக்கிற நேரம் டீ குடிக்கிற நேரமாகவே இருக்கிறது. எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும் வேலையில் சினிபெஞ்ச் கணக்குப்படி 15 சதவீதம் பக்கம்தான் லாபம். கம்பைலுக்காக மட்டும் மாறுவதாக இருந்தால் ஆறு கோரிலிருந்து ஆறு கோருக்குப் போவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. 5700எக்ஸ் அல்லது 5900எக்ஸ் பார்ப்பேன்.

ஆனால் எடிட்டரில் தேடுவது, பிரவுசரில் கனமான பக்கங்கள், எக்செல் மாதிரி ஒற்றைக் கோரை நம்பியிருக்கும் வேலைகளில் 5600 சுறுசுறுப்பாக இருப்பது நிஜம்.

பழைய ஞாபகம் ஒன்று. 3600 வந்த புதிதில் லினக்ஸ்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தற்செயல் எண் தருகிற ஆர்டிராண்ட் கட்டளை கோளாறாகி, புதிய சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடக்கி நடத்தும் நிரல்) இருக்கிற விநியோகங்கள் பூட்டே ஆகவில்லை. அதே கோளாறால் டெஸ்டினி 2-உம் திறக்கவில்லை. பயாஸ் அப்டேட் வந்துதான் சரியானது. அதோடு, பெட்டியில் எழுதிய பூஸ்ட் வேகம் எட்டவில்லை என்று கூச்சல் எழுந்து செப்டம்பரில் இன்னொரு அப்டேட். புதுத் தலைமுறையை முதல் மாதமே வாங்காதே என்று என் மாமா சொல்வார், அவர் சொன்னது ஸ்கூட்டரைப் பற்றி.

ஸ்டூடியோ_ரவி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன், என்னிடமும் 3600தான். கேமரா 10 பிட் 4:2:2 எச்.265-இல் எடுக்கிறது. டைம்லைனில் போட்டாலே படம் தள்ளாடுகிறது. 5600 போட்டால் தீருமா?

கேஷ்_மணி:

ரவி சார், உங்களுக்கு வேண்டாம். அந்த வகை ஃபைலைப் பிரித்துக் காட்ட ஒரு தனிச் சுற்று வேண்டும். 3600, 5600 இரண்டிலும் கிராபிக்ஸே கிடையாது, அதனால் அதுவும் கிடையாது. என்விடியா கார்டுகளிலும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன் 4:2:2-க்கு அந்த வசதி இல்லை. இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து குயிக் சிங்க் என்ற வீடியோ சுற்றில் அது உண்டு. எஃப் எழுத்து இல்லாத (எஃப் என்றால் கிராபிக்ஸ் கிடையாது) ஐ5-12400 போட்ட ஒரு மெஷின் உங்கள் வேலைக்கு 5600-ஐ ஓட ஓட விரட்டும். இல்லையென்றால் எடிட் செய்யும் முன் பிராக்சி (எடிட்டுக்கான இலகுவான நகல்) உருவாக்கிக்கொள்ளுங்கள், 3600-லேயே காலம் தள்ளலாம்.

ஸ்டூடியோ_ரவி:

பிராக்சி போட நேரம் ஆகுமே சார். முகூர்த்த மாதத்தில் ஒரு வாரத்துக்கு மூன்று கல்யாணம். சரி, 12400 விலை விசாரிக்கிறேன்.

யாழ்_வாசன்:

அண்ணாமார், ஒரு சந்தேகம். இங்கே எங்களுக்குக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும். கடையில் ரைசன் 5 4500-உம் 5500-உம் 5600-ஐ விட நல்ல மலிவாகச் சொல்கிறார்கள். என் தம்பியின் கணனியில் 3600 உள்ளது. 4500 புதிய தலைமுறைதானே, எண்ணும் பெரிது. அதைப் போட்டால் முன்னேற்றம் இருக்காதா?

கேஷ்_மணி:

வாசன், கையை எடுங்கள் அதிலிருந்து! 4500 வந்தது 2022-இல். ஆனால் உள்ளே ஜென் 2-தான், அதுவும் லேப்டாப் வழி வந்த சிப். எல்3 கேஷ் மொத்தமே 8 எம்பி. 2019-இன் 3600-இல் 32 எம்பி இருக்கிறது. விளையாட்டில் 3600-ஐ விடப் பின்தங்கும். காசு கொடுத்துக் கீழே இறங்குகிற கதை.

5500 அவ்வளவு மோசமில்லை. ஜென் 3-தான், ஆனால் அதுவும் 5600ஜி-யின் சிப்பில் கிராபிக்ஸை அணைத்துவிட்டுக் கொடுப்பது. எல்3 16 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டு பிராசசரோடு பேசும் வழி) 3.0 மட்டும். ஒன்றுமே இல்லாமல் புதிதாகக் கட்டுபவருக்குச் சரி. 3600-இலிருந்து மாற அது ஏற்றதல்ல. ஏஎம்டி இந்தப் பெயர்களை வைத்த லட்சணத்துக்கு ஒரு தனி இழையே திறக்கலாம்.

கோவை_கிராபிக்ஸ்:

பிசிஐ எக்ஸ்பிரஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 3600, 5600 இரண்டுமே 4.0 பேசும். பாண்டியின் பி450 போர்டு 3.0-உடன் நின்றுவிடும். 4060 எட்டு லேன் மட்டுமே பயன்படுத்தும் கார்டு, ஆனாலும் 3.0-இல் இழப்பு பெரும்பாலும் கவனிக்கிற அளவில் இருக்காது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலு லேன், 4 ஜிபி கார்டு வைத்திருந்தால்தான் வயிற்றில் நெருப்பு.

சரி, என் உண்மையான மாற்றுக் கருத்து இதுதான். 5600 என்பது ஏஎம்4 சாக்கெட்டின் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) கடைசி வரிசை. அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஏஎம்5-க்குப் போய் 7600 எடுத்தால் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஜென் 4 கிடைக்கும். 2027 வரையாவது அந்த சாக்கெட்டுக்குப் புதுப் பிராசசர் வரும் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. பழைய மாட்டுக்குப் புது லாடம் எதற்கு?

கேஷ்_மணி:

"இன்னும் கொஞ்சம்" என்று நீங்கள் சொல்கிற அந்தக் கொஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். புது போர்டு, டிடிஆர்5 ராம், பிராசசர். டிடிஆர்4 குச்சி ஒன்றைக்கூட எடுத்துப்போக முடியாது. ராம் விலை ஏறிக் கிடக்கிற இந்த நேரத்தில் மூன்றையும் சேர்த்தால் 5600-இன் விலை அதில் ஒரு மூலையில் உட்காரும். பாண்டியிடம் போர்டு இருக்கிறது, ராம் இருக்கிறது, கூலர் இருக்கிறது. அவருக்கு 5600தான். அந்த போர்டை இன்னும் சில வருடம் ஓட்டிவிட்டு, பிறகு ஒரேயடியாக மாறட்டும். புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் நானும் ஏஎம்5 என்றுதான் சொல்வேன், அதில் நமக்குள் சண்டை இல்லை.

பி450-இல் ஜென் 3 ஓடுகிறது என்பதே சண்டை போட்டு வாங்கிய உரிமை. 2020 மே மாதத்தில் 400 வரிசை போர்டுகளுக்கு ஜென் 3 கிடையாது என்று ஏஎம்டி அறிவித்தது. பயாஸ் சிப்பில் 16 எம்பி-க்கு மேல் இடமில்லை என்று காரணம் சொன்னார்கள். வாங்கியவர்கள் கொதித்த கொதிப்பில் அதே மாதமே பின்வாங்கினார்கள். 2022-இல் 300 வரிசை போர்டுகளுக்கும் கதவு திறந்தது. 2017 போர்டில் 2022 பிராசசர், இது மேசைக் கணினியில் அபூர்வம்.

கோவை_கிராபிக்ஸ்:

சரி, ராம் விலையைச் சொன்னதும் என் வாய் அடைத்துவிட்டது. ஆனால் ஒன்று, செகண்ட் ஹேண்டில் 5700எக்ஸ்3டி கண்ணில் பட்டால் 5600-ஐ மறந்துவிடவும். எட்டு கோர், 96 எம்பி எல்3. மணி அண்ணனுக்கே கண் கலங்கும்.

தாம்பரம்_பாண்டி:

எக்ஸ்எம்பி போட்டேன். 3200 காட்டுகிறது. சைபர்பங்க் நன்றாகவே திருந்திவிட்டது, தெருவில் திக்குவது குறைந்திருக்கிறது. கவுன்டர் ஸ்டிரைக்கில் முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் புகைக்குள் 144-க்குக் கீழே இன்னும் இறங்குகிறது. 5600 எடுப்பதாக முடிவு செய்துவிட்டேன், அவசரமில்லாமல் நல்ல விலைக்குக் காத்திருப்பேன். 5700எக்ஸ்3டி கிடைத்தால் பார்க்கலாம். எங்கள் மாடி அறையில் மே மாதத்தில் அடுப்பு மாதிரி இருக்கும். 5600 சூடு எப்படி? பெட்டியோடு வரும் கூலர் போதுமா?

தட்டச்சன்:

சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டிலும் 65 வாட் என்றுதான் எழுதியிருக்கும். உண்மையில் பிராசசர் இழுக்க அனுமதிக்கும் உச்ச வரம்பு 3600-க்கு 88 வாட், 5600-க்கு 76. கூடுதல் வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்கிறது. இரண்டோடும் வருவது ரெய்த் ஸ்டெல்த் கூலர்தான், சமாளிக்கும், சத்தம்தான் கொஞ்சம் போடும். ஜென் 3-இல் கர்வ் ஆப்டிமைசர் என்று ஒரு வசதி உண்டு, 3600-இல் அது கிடையாது. போர்டின் பயாஸ் இடம் கொடுத்தால், கோர்களுக்குப் போகும் வோல்டேஜை எதிர்மறையாகக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். நிதானமாக, மைனஸ் 10-இல் தொடங்குங்கள். பத்து டிகிரி குறைந்தது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள், ஆனால் ஃபேன் அடங்குவது காதுக்கே தெரியும்.

மாற்றும்போது இரண்டு விஷயம். ஒன்று, பயாஸை 3600 உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்துவிடுங்கள். 5600-ஐப் போட்டுவிட்டுப் பழைய பயாஸோடு சுவிட்சைத் தட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். 1.2.0.7 ஏஜீசா (பயாஸுக்குள் ஏஎம்டி தரும் அடிப்படை நிரல்) அல்லது அதற்குப் பிந்தையது இருக்கட்டும், விண்டோஸ் 11-இல் எஃப்டிபிஎம்மால் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) வந்த திக்கல் அதில்தான் சரியானது. இரண்டு, பிராசசர் மாறியதும் எஃப்டிபிஎம் சாவிகளை அழிக்கட்டுமா என்று பயாஸ் கேட்கும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) ஓடிக்கொண்டிருந்தால் மீட்புச் சாவி இல்லாமல் டிரைவ் திறக்காது. முன்கூட்டியே அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பிட்லாக்கரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். நிறையப் பேருக்குத் தெரியாமலே அது ஓடிக்கொண்டிருக்கும்.

ஓரமா_போறவன்:

கூலரைக் கழற்றும்போது பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும் என்று எங்கோ படித்தேன். நிஜமா, பயமுறுத்தலா?

கேஷ்_மணி:

நிஜம்தான். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, 1331 பின். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், லாக்கைத் திறக்காமலே கூலரோடு பிராசசர் கையில் வந்துவிடும். அதனால் கழற்றும் முன் கனமான எதையாவது கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களை எல்லாம் எடுத்தபின் கூலரை இடம் வலமாக மெதுவாகத் திருகுங்கள். ஒட்டு விட்டது கையிலேயே தெரியும். நேராக மேலே இழுக்காதீர்கள். ஸ்டெல்த் கூலர் நாலு ஸ்க்ரூவில் பின்பக்கத் தகட்டில் பிடித்திருக்கும். போர்டைப் படுக்க வைத்தே வேலை பாருங்கள், நிற்க வைத்தால் தகடு பின்னால் கழன்று விழுந்து கேபினட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

தாம்பரம்_பாண்டி:

பழைய 3600-ஐ விற்கும்போது அதன் கூலரையும் சேர்த்துக் கொடுக்கலாமா, தனியாகவா?

கோவை_கிராபிக்ஸ்:

சேர்த்தே கொடுங்கள், சீக்கிரம் போகும். வாங்குபவர் கேட்கும் முன்பே பிராசசரில் பின்கள் இருக்கும் பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் நாலு கோணத்தில் படம் எடுத்துப் போடுங்கள். நீங்கள் செகண்ட் ஹேண்டில் 5600 வாங்கினாலும் அதே படத்தைக் கேளுங்கள். தர மறுக்கிற ஆளிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். அப்புறம் டிரேயில் (பெட்டி இல்லாமல்) வருவதைக் கூலர் இல்லாமல் கொடுப்பார்கள், அப்படியென்றால் உங்கள் பழைய கூலரை விற்காதீர்கள்.